முட்டியில் கசிவு: மாத்திரையோடு நிறுத்தாதீங்க

தண்டையார்பேட்டை அண்ணே, அம்மாவுக்குப் பாதி முட்டி மாத்துற ஆபரேஷன் (தேய்ஞ்ச பக்கத்துக்கு மட்டும் செயற்கை மூட்டு) பண்ணி மூணு வாரத்துல தையல்ல சீழ் கசியுது, மாத்திரையிலேயே ஆறுமான்னு கேட்டிருக்கீங்க. ஆறாதுண்ணே. கிருமி உள்ளே வச்ச செயற்கை மூட்டோட உலோகத்து மேல படலமா ஒட்டிக்கும், மருந்து உள்ளே சரியா நுழையாது. இப்பவே திறந்து, கெட்ட சதையைச் சுரண்டிக் கழுவி, நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் தகட்டை மாத்தினா உலோகத்தைக் காப்பாத்த வாய்ப்பிருக்கு. கூடவே வாரக்கணக்குல ஆன்டிபயாட்டிக். விட்டா, மிச்சமிருக்கிற சொந்தக் குருத்தெலும்பையும் அரிச்சிடும். அப்புறம் எல்லாத்தையும் கழட்டி முழு முட்டிதான், சிலருக்கு ரெண்டு ஆபரேஷனா.

மெடிக்கல் ஷாப்புல கேட்டு எதையும் கொடுக்காதீங்க, ப்ளீஸ். முதல்ல முட்டி நீரை ஊசியில எடுத்து கல்ச்சருக்கு (எந்தக் கிருமின்னு கண்டுபிடிக்கிற டெஸ்ட்) அனுப்பணும், மருந்து அதுக்கப்புறம். ஆபரேஷன் பண்ணின டாக்டரை இன்னைக்கே பாருங்க. அவர் இழுத்தடிச்சா ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தானே. குளிர்காய்ச்சல் வந்தா நேரா அவசரப் பிரிவு, விடியட்டும்னு காத்திருக்க வேணாம்.