தேனிலவுக்கு ராட்டினம்: வண்டிக்காரர் பதில்கள்

(கோவையில் பல வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டி, கல்லூரிப் பிள்ளைகளையும் கல்யாண கோஷ்டிகளையும் ஊர் ஊராகக் கூட்டிப்போனவர் வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, எனக்கு ஆவணியில் கல்யாணம். மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்ததும் எங்கள் பழைய ஸ்விஃப்டில் கிளம்பலாம் என்று இருக்கிறோம். வீட்டில் எல்லோரும் ஊட்டி, கொடைக்கானல் என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் மலையை விட ராட்டினம்தான் பிடிக்கும். பிளாக் தண்டர், கொச்சி வொண்டர்லா, பெங்களூர் பக்கத்தில் இருக்கும் பிடதி வொண்டர்லா என்று மூன்று ராட்டினப் பார்க்கையும் ஒரே வாரத்தில் பார்க்க ஆசை. ஆறு ராத்திரி ரூமுக்கு மொத்தம் 12,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். நெட்டில் ‘ஹனிமூன் ஸ்டே’ என்று தேடினால் ஒரு ராத்திரிக்கே அந்தப் பணத்தைக் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, மொதல்ல வாழ்த்துக்கள். ராட்டினம் பிடிச்ச பொண்ணும் ராட்டினம் பிடிச்ச மாப்பிள்ளையும் ஜோடி சேர்றது லேசுல நடக்காது. என் வண்டியில வந்த ஜோடிகள்ல பாதிப் பேர் ஒருத்தர் மேல போய் கத்துவாங்க, இன்னொருத்தர் கீழ நின்னு பையைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க.

உங்க லிஸ்ட்ல ரெண்டை அடிச்சுடறேன், கோவிச்சுக்காதீங்க. பிளாக் தண்டர் மேட்டுப்பாளையத்துல மலையடிவாரத்துல இருக்கு. கோபியிலிருந்து சத்தி, புளியம்பட்டி வழியா காலையில கிளம்பினா கேட் திறக்கறப்போ நிக்கலாம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். அதுக்கு எதுக்குங்க ரூம்? மலை ஏறாததால ஊட்டி இ-பாஸ் தொல்லையும் இல்ல. அதை எப்போ வேணும்னாலும் ஒரு செவ்வாய், புதன்ல வெச்சுக்குங்க.

கொச்சியை இந்தத் தடவை விட்டுடுங்க. உங்க ஆவணிதான் மலையாளத்துல சிங்ங மாசம், ஓணம் அதுலதான் வரும். பள்ளிக்கூடம் லீவு விட்டு, வளைகுடாவுல இருக்கறவங்க ஊருக்கு வந்து, கேரளாவே காரை எடுத்துக்கிட்டு ரோட்டுல இருக்கற நாட்கள் அது. சாலக்குடி, அதிரப்பள்ளிப் பக்கம் ரூம் கிடைச்சாலும் நீங்க சொல்ற விலைக்குக் கிடைக்காது. போதாததுக்கு மழை வேற. ஓணம் கழிச்சு ஒரு தடவை போங்க.

மிச்சம் இருக்கறது கர்நாடகா. பிடதி மட்டும் இல்ல, மைசூர்லயே ஜிஆர்எஸ் ஃபேன்டசி பார்க் இருக்கு. ரெண்டு பார்க், நாலு ராத்திரி. 12,000-த்தை ஆறால வகுத்தா ராத்திரிக்கு 2,000. நாலால வகுத்தா 3,000. சும்மா படுக்கற இடத்துக்கும், காலையில ஜன்னலைத் திறந்து காபி குடிக்கற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆயிரத்துல இருக்கு.

இப்போ ரூம் விஷயம். எல்லாரும் எந்த ஊர்ல ரூம் மலிவுன்னு கேக்கறாங்க. எந்தக் கிழமை மலிவுன்னு யாரும் கேக்கறதில்ல. சுத்திப் பாக்கற ஊர்ல சனி, ஞாயிறு விலை ஏறும். ஆபீஸ் ஊர்ல சனி, ஞாயிறு இறங்கும். கொச்சிக்குப் போகறப்போ இதை ஞாபகம் வெச்சுக்குங்க: வொண்டர்லா இருக்கற பள்ளிக்கரைக்குப் பக்கத்துல காக்கநாடு, இன்ஃபோபார்க் இருக்கற இடம். கம்பெனி வேலையா வர்றவங்களுக்காகவே அங்கே சர்வீஸ் அபார்ட்மென்ட் நிறைய. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவங்க காலி பண்ணுவாங்க. சனி ராத்திரி அங்கே தங்கி, ஞாயிறு மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நடந்து பாத்துட்டு, திங்கள் காலையில பார்க். ரூமும் குறைவு, டிக்கெட்டும் வார நாள் விலை, கியூவும் சின்னது.

மைசூருக்கு இதே கணக்கு வேற மாதிரி. மைசூர்ல சனி ராத்திரி நிக்கற கூட்டத்துல பெங்களூர்க்காரங்க நிறைய. திங்கள் வேலைக்குப் போகணும்னு ஞாயிறு மத்தியானமே சாவியைக் கொடுத்துட்டு எக்ஸ்பிரஸ்வே ஏறிடுவாங்க. அதனால நீங்க ஞாயிறு சாயந்திரம் போய் இறங்குங்க. அன்னைக்கு ராத்திரி விலை பேசலாம். அதுக்கும் மேல, ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு அரண்மனையில விளக்குப் போடுவாங்க, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு. புதுசா கல்யாணம் ஆனவங்க பாக்க வேண்டிய காட்சி, காசு பைசா செலவில்ல.

கோபியில காலை பத்துக்குக் கிளம்புங்க. சத்தி, பண்ணாரி, திம்பம். இருபத்தேழு வளைவு, லாரிக்குப் பின்னாடி மாட்டினா பொறுமையா இருக்கச் சொல்லுங்க மாப்பிள்ளையை. அந்தப் பாதையில ராத்திரி 9-லிருந்து காலை 6 வரைக்கும் காருக்கும் தடை. போறப்போ மட்டுமில்ல, இதே வழியில திரும்பறதா இருந்து சாமராஜநகர்ல லேட் ஆச்சுன்னாலும் இதுதான். ஆசனூர்ப் பக்கம் மானைப் பாத்து வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்காதீங்க. மான் நிக்கற இடத்துல யானையும் நிக்கும்.

மைசூர்ல ஞாயிறு, திங்கள் ரெண்டு ராத்திரி ஒரே ரூம். தன்வந்திரி ரோடு, காந்தி ஸ்கொயர் சுத்தி லாட்ஜ் வரிசையா இருக்கும், ஆனா கார் நிறுத்த இடம் இருக்கற லாட்ஜ் கொஞ்சம்தான். ‘பார்க்கிங் இருக்கு’ன்னு போன்ல சொல்லிட்டு ரோட்டோரத்தைக் காட்டறது உண்டு. ‘கேட்டுக்கு உள்ளயா வெளியயா’ன்னு கேளுங்க. இந்த நாலு ராத்திரியில ஒண்ணு ரெண்டு நல்லா செலவு பண்ணணும்னா இங்கே பண்ணுங்க. பழைய வீட்டை மாத்தி வெச்ச ஹோம்ஸ்டே ஒண்ணு பாருங்க, முற்றம், வராண்டாவோட. பார்க் பக்கத்துல ஆடம்பரமா ரூம் போடறது என் பார்வையில வீண். பிடதியில வொண்டர்லா வாசல்லயே அவங்க ரிசார்ட் இருக்கு, 84 ரூம், நல்ல இடம்தான். ஆனா ராட்டினத்துல சுத்தி, தண்ணியில ஊறி வந்தவங்களுக்கு எந்த மெத்தையும் ஒரே மெத்தைதான். ஒன்பது மணிக்குத் தூங்கிடுவீங்க. எழுதறதுக்கு என்னங்க கூச்சம், உள்ளதைச் சொல்றேன்.

திங்கள் ஜிஆர்எஸ். செவ்வாய்க்கிழமை மைசூர் ஜூ லீவு, அதை நம்பி அன்னைக்குத் திட்டம் போடாதீங்க. காலையில நிதானமா கிளம்பி பிடதி போங்க, வழியில மத்தூர்ல வடை. எக்ஸ்பிரஸ்வேல நூறுக்கு மேல போனா கேமரா பிடிக்கும். முக்கியமா ஒண்ணு: அந்தப் பெரிய ரோடு பிடதி, ராமநகரம் ஊருக்குள்ள போகாது. மேப்ல ‘ரோட்டுக்குப் பக்கத்துலயே’ன்னு தெரியற லாட்ஜ் எதிர்ப்பக்கமா இருந்தா, எக்ஸிட்டைத் தாண்டிட்டீங்கன்னா அடுத்ததுல இறங்கிச் சுத்தி வரணும். லாட்ஜ்காரரையே கேட்டுடுங்க, மைசூர்லிருந்து வந்தா எங்கே இறங்கறதுன்னு.

பிடதியில கார் கம்பெனித் தொழிற்சாலை இருக்கறதால வார நாள்லயும் ரூமுக்கு ஆள் இருக்கும். முன்னாடியே போன் போடுங்க. இல்லைன்னா ராமநகரம், அதுவும் இல்லைன்னா கெங்கேரி. பெங்களூர் சிட்டிக்குள்ள மட்டும் போயிடாதீங்க. ரூம்ல மிச்சம் பண்ற காசு டிராஃபிக்ல டீசலாப் போகும்.

இங்கேதான் பழைய வண்டிக்காரங்க வித்தை ஒண்ணு சொல்லித் தர்றேன். ஹோட்டல்கள் பகல் 12 மணிக்கு ரூமைக் கொடுத்து அடுத்த நாள் 11 மணிக்குக் காலி பண்ணச் சொல்லும். சின்ன ஊர் லாட்ஜ்கள்ல 24 மணி நேரக் கணக்கு இன்னும் இருக்கு: எப்போ சாவி வாங்கினீங்களோ அதுலிருந்து ஒரு நாள். பார்க் போறவங்களுக்கு இதுதான் வரம். செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்குச் சாவி வாங்குங்க. புதன் காலையில தட்டு இட்லி சாப்பிட்டுட்டு (பிடதிக்குப் போய் அதைச் சாப்பிடாம வந்தா கேலி பண்ணுவாங்க) பதினொரு மணி வாக்குல பார்க். சாயந்திரம் ஆறு ஆறரைக்கு வெளிய வந்தா ரூம் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. சுடுதண்ணியில குளிச்சு, தலையை உலர்த்தி, ஈரத்துணியைப் பிழிஞ்சு கட்டி, எட்டு மணிக்குக் காலி பண்ணலாம். ஒரு நாள் வாடகையில ஒரு ராத்திரியும் ஒரு முழுப் பகலும். நீங்க அன்னைக்கு ராத்திரியும் தங்கறதானா இது தேவையில்ல, ஆனா தேனிலவைத் தாண்டியும் உதவும்.

போன்ல கேக்க வேண்டிய இன்னொண்ணு, சாயந்திரம் சுடுதண்ணி வருமா. பல லாட்ஜ்ல காலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும்தான் விடுவாங்க. தண்ணி ராட்டினத்துலிருந்து நடுங்கிக்கிட்டு வர்றவங்களுக்கு அது போதாது. ரூம்ல கீசர் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

வரி பத்தி: 2025 செப்டம்பர் 22-லிருந்து நாளுக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்னாடி 12. பழைய கணக்குலயே பில் போட்டா காட்டிக் கேளுங்க. ஆப்ல விலை பாருங்க, ஆனா லாட்ஜுக்கு நேரா போன் போட்டு ‘ஆப்ல இவ்வளவு இருக்கு, நேரா வந்தா என்ன கொடுப்பீங்க’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ரூம் போடறப்போ ‘ஹனிமூன்’னு மட்டும் சொல்லாதீங்க. அந்த வார்த்தைக்கு ரோஜா இதழ், மெழுகுவத்தி, கேக்குன்னு தனி பில் வரும். சாவி வாங்கறப்போ கவுன்டர்ல சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, ‘புதுசா கல்யாணம் ஆச்சுங்க’ன்னு. காலியா இருந்தா மேல் மாடி ரூமைக் கொடுக்கற மனுஷங்க இருக்காங்க.

நகை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். புதுப் பொண்ணுன்னு கழுத்து நிறையப் போட்டு அனுப்பி வைப்பாங்க. தலைகீழாச் சுத்தற ராட்டினத்துல சங்கிலி நிக்காது, தண்ணிக்குள்ள விழுந்தா தேட முடியாது, லாட்ஜ் ரூம்லயும் வெச்சுட்டுப் போக முடியாது. மஞ்சக்கயித்துத் தாலியோட போங்க, உள்பக்கமா பின் குத்திக்கலாம். மத்ததெல்லாம் அம்மா வீட்டு பீரோவுல. மாமியார் ஏதாவது சொன்னா வண்டிக்காரர் சொன்னாருன்னு இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. தண்ணிப் பக்கம் சேலை, சுடிதார், பருத்தித் துணி எதுவும் விடமாட்டாங்க, நைலான் மாதிரி துணிதான். அங்கே போய் வாங்கினா விலை. நீங்க கோபிக்காரங்க, ஈரோடும் திருப்பூரும் பக்கத்துல. முன்னாடியே எடுத்துக்குங்க.

டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே போட்டா குறையும். ரெண்டு பேர்ல யாராவது இன்னும் படிக்கறீங்கன்னா காலேஜ் கார்டை எடுத்துட்டுப் போங்க, அதுக்கும் சலுகை உண்டு.

வியாழன் திரும்பறதுக்கு, பெரிய ரோடு வேணும்னா ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர், மேட்டூர், பவானி. என்னைக் கேட்டா கனகபுரா, கொள்ளேகால், ஹனூர், பர்கூர் மலை இறங்கி அந்தியூர். பாதை குறுகல், ஆனா கண்ணுக்குக் குளிர்ச்சி. பகல்ல மட்டும், டேங்க் நிரப்பிட்டு.

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் விழுப்புரம். இள்ளலூரில் புதிதாக வந்திருக்கும் சென்னை வொண்டர்லாவுக்கு மனைவியுடன் காரில் போகிறேன். மாமல்லபுரத்தில் தங்கலாமா, ஓஎம்ஆரில் தங்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தம்பி, 2025 டிசம்பர்ல திறந்த பார்க் அது, கூட்டம் இன்னும் குறையல. மேலே சொன்ன கிழமைக் கணக்கேதான். திங்கள்லிருந்து வியாழனுக்குள்ள போறீங்கன்னா மாமல்லபுரம்: கடற்கரை ரூம் அந்த நாட்கள்ல இறங்கி வரும், அங்கிருந்து திருப்போரூர் வந்து இள்ளலூர் போயிடலாம். சனி, ஞாயிறுதான் லீவு கிடைக்கும்னா ஓஎம்ஆர்ல சிறுசேரி, நாவலூர் பக்கம் ஐடிக்காரங்களுக்கான சர்வீஸ் அபார்ட்மென்ட் பாருங்க. சமையலறையோட இருக்கும், காலையில தோசை சுட்டுக்கலாம்.

கேள்வி: எங்கள் திருமணம் இன்னும் பதிவாகவில்லை. ஒரு லாட்ஜில் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் ரூம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆதாரில் இருவருக்கும் வேறு வேறு முகவரி. சட்டம் அப்படியா?
– வாசகி, தாராபுரம்

பதில்: இல்லைங்க அம்மணி. வயசு வந்த ரெண்டு பேர் ஒரு ரூம்ல தங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. 2019-ல நம்ம கோவையில ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு சீல் வெச்ச வழக்குல, கல்யாணம் ஆகாதவங்க தங்கறதையே எந்தச் சட்டமும் தடுக்கலைன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. நீங்க கல்யாணமே ஆனவங்க. ரெண்டு பேர் அடையாள அட்டையும் ஒரிஜினலா கையில இருக்கணும், அவ்வளவுதான். கவுன்டர்ல நின்னு ராத்திரி பத்து மணிக்குச் சட்டம் பேசறது சோர்வான வேலை. அதனால அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடியே போன்ல, ‘ரெண்டு ஆதார்லயும் வேற வேற ஊர் இருக்கும், சரியா?’ன்னு கேட்டு, வாட்ஸ்அப்ல பதிலை எழுத்துல வாங்கிக்குங்க. கல்யாணப் பத்திரிகை ஒண்ணைக் கார் டேஷ்போர்டுல போட்டு வெச்சாலும் நல்லதுதான்.