டிரைவருக்குள் ஒரு கேஷ்

வணக்கம் சார்,

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு டிரைவர் எழுதுகிறேன். கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் 264 பைட்டில் ஒரு ஸ்ட்ரக்சர் தேவை. வேலை முடிந்ததை ஃப்ரீ செய்யாமல் ஒரு லிஸ்ட்டில் கோத்து, ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒரு சிபியூ மட்டும் தொடவிடும் பூட்டு) போட்டு, அடுத்த கோரிக்கைக்கு அதிலிருந்தே எடுக்கிறேன். இந்த கேஷ் டிரைவரில் இருக்கலாமா என்று எங்கள் குழுவில் வாக்குவாதம். நீங்கள் யார் பக்கம்?

ர.

அன்புள்ள ர.,

கூடாது என்பவர்கள் பக்கம். நீங்கள் எழுதியிருப்பது, மெமரியைப் பங்கிட்டுத் தரும் கெர்னலின் அல்லோகேட்டர் ஏற்கெனவே பார்க்கிற வேலை. ஜெஃப் பான்விக் சன்ஓஎஸ் 5.4-க்கு எழுதி 1994-இல் விவரித்த ஸ்லாப் அல்லோகேட்டரின் அடிப்படையே இதுதான்: ஃப்ரீ ஆன ஆப்ஜெக்டைக் கலைக்காமல் வைத்திருந்து அடுத்து கேட்பவருக்குக் கொடுப்பது. இன்றைய லினக்ஸில் இருக்கும் அல்லோகேட்டரான ஸ்லப் (SLUB), இதை ஒவ்வொரு சிபியூவுக்கும் தனியாக வைத்திருக்கிறது. பெரும்பாலும் லாக் இல்லாமலே காரியம் முடிந்துவிடும். உங்கள் லிஸ்ட்டிலோ எல்லா சிபியூவும் ஒரே ஸ்பின்லாக்குக்கு வரிசையில் நிற்கின்றன.

வேகத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. மெமரி தட்டுப்பாட்டில் கெர்னல் அலையும்போது, உங்கள் லிஸ்ட்டில் சும்மா கிடப்பது அதன் கண்ணில் படாது. ஷ்ரிங்கர் (தட்டுப்பாட்டில் மெமரியைத் திருப்பித் தரச் சொல்லி கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்) எழுதினால் படும்தான், ஆனால் இதற்குப் போய் ஷ்ரிங்கரா? அப்புறம் கசான் (KASAN), கெர்னலில் மெமரிப் பிழை பிடிக்கும் கருவி. ஃப்ரீ ஆன மெமரியைத் தொட்டால் கூப்பாடு போடுவது அதன் வேலை. நீங்கள்தான் ஃப்ரீ செய்வதே இல்லையே! பழைய பாயிண்டர் ஒன்று எழுதிக்கொண்டே இருக்கும், சத்தம் வராது. இப்படி ஒன்றைத் தேடி நானே இரண்டு வாரம் தொலைத்தேன். லிஸ்ட்டைத் தூக்கிவிட்டு நேராக கேஃப்ரீ (kfree, மெமரியைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்) போட்டதும் பத்தே நிமிடத்தில் சிக்கியது.

அந்த 264 மட்டும் சுவாரசியம். கேமல்லாக் (kmalloc, மெமரி கேட்கும் ஃபங்ஷன்) பயன்படுத்தும் பொதுவான கேஷ்களில் 256-க்கு அடுத்தது 512. எட்டு பைட் கூடியதால் ஒவ்வொன்றிலும் 248 பைட் வீண். 4096 பைட் பக்கத்தில் எட்டுதான் அடங்கும். உங்கள் லிஸ்ட் அல்ல, அல்லோகேட்டரிடமே இந்த அளவுக்கென்று தனி கேஷ் கேட்டு வைத்தால் பதினைந்து. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் புழங்குமானால் மாட்யூலின் இனிட்டில் உருவாக்கி எக்ஸிட்டில் அழியுங்கள்; திருப்பித் தராத ஆப்ஜெக்ட் மிச்சமிருந்தால் அப்போதே கெர்னல் புகார் சொல்லும். பத்து இருபதுதான் என்றால் கேமல்லாக் போதும். (கேஷ்களைப் பட்டியலிடும் ஸ்லாப்இன்ஃபோவில் உங்கள் கேஷின் பெயர் இல்லையென்று பதறாதீர்கள். ஒத்த அளவுள்ள கேஷ்களை ஸ்லப் ஒன்றாக்கிவிடுவது உண்டு.)

சரி, அதற்கும் முன்னால், ஸ்ட்ரக்சரில் வீணாகும் இடைவெளிகளைக் காட்டும் பாஹோலை (pahole) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆளுக்கொரு மூலையில் பாயிண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பூலியன்கள் இருந்தால், அவை 64-பிட்டில் ஏழு ஏழு பைட் இடத்தை வீணாக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 264 என்பது 256 ஆகிவிடும். ஒரு பக்கத்துக்குப் பதினாறு, தனி கேஷே வேண்டாம்.