கணினிக் கேள்வி பதில்: விண்டோஸில் சுருக்கியது லினக்ஸில் விரியுமா?

கேள்வி: சிறிய அச்சகம் ஒன்று நடத்துகிறேன். 2008 முதல் செய்த திருமணப் பத்திரிகை, விழா மலர் வேலைகளையெல்லாம் ஆண்டுவாரியாக வின்ராரில் சுருக்கி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு கணினிகளும் போனபோது, மாடியில் இருந்த அந்த டிஸ்க்தான் தொழிலைக் காப்பாற்றியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுவிட்டது. என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. அதனால் மகன் உபுண்டு லினக்ஸ் நிறுவித் தந்திருக்கிறான். அதில் வைன் மூலம் வின்ராரை ஓட்டினேன், திறக்கிறது. ஆனால் சி டிரைவில் விரித்த கோப்புகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. சிலவற்றுக்குப் பிழைச் செய்தியும் வந்தது. இப்படியே தொடரலாமா?
— ஓர் அச்சக உரிமையாளர், சைதாப்பேட்டை, சென்னை-15

பதில்: முதலில் காணாமல்போன கோப்புகளைக் கண்டுபிடித்துவிடுவோம். வைன் என்பது விண்டோஸ் நிரல் கேட்கும் வேலைகளை லினக்ஸ் புரிந்துகொள்ளும் விதத்தில் செய்து கொடுக்கும் ஓர் இடைநிலை ஏற்பாடு. உங்கள் கணினிக்குள் உண்மையான சி டிரைவ் எதுவும் இல்லை. உங்கள் இல்லக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் 'வைன்' என்ற மறைவான கோப்புறை இருக்கும். கோப்பு மேலாளரைத் திறந்து கண்ட்ரோல் விசையுடன் ஹெச் எழுத்தை அழுத்தினால் அது தென்படும். அதற்குள் 'டிரைவ் சி' என்ற பெயரில் இருப்பதுதான் நீங்கள் விரித்த இடம். இனி வைனுக்குள் விரிக்கும்போது இசட் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், அது லினக்ஸின் முழுக் கோப்பமைப்பையும் காட்டும். வேண்டிய கோப்புறைக்கே நேராகப் போகலாம்.

ஆனால் விரிப்பதற்கு மட்டும் வைன் தேவையே இல்லை. வின்ரார் சுருக்கித் தரும் ரார் வடிவத்தை 1993-இல் உருவாக்கியவர் யூஜின் ரோஷல். அதில் சுருக்கும் முறை ராரை வெளியிடுபவர்களுடைய உரிமையாக இருந்தாலும், விரிக்கும் நிரலின் மூலநிரலை வெளியிட்டிருக்கிறார்கள். அதைக் கொண்டு ரார் சுருக்கும் நிரல் எழுதக் கூடாது என்பதே நிபந்தனை. அதனால் லினக்ஸில் 'அன்ரார்' இயல்பாகவே ஓடுகிறது. உபுண்டுவில் அது மல்டிவெர்ஸ் என்ற பிரிவில் இருக்கிறது. 'அன்ரார்-ஃப்ரீ' என்ற பெயரில் இன்னொன்றும் உண்டு. அது வேறு நிரல், அதன் பழைய பதிப்புகள் பல ரார் கோப்புகளைத் திறக்காது. அது திறக்க மறுப்பதைப் பார்த்து, கோப்பே கெட்டுவிட்டது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம்.

முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், அன்ராரைப் பயன்படுத்தும்போது ஓர் எழுத்தில் மிகவும் கவனமாக இருங்கள். எக்ஸ் என்ற எழுத்தைக் கொடுத்தால் கோப்புறை அமைப்பு அப்படியே விரியும். ஈ என்ற எழுத்தைக் கொடுத்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் கொட்டப்படும். ஒருமுறை நான் ஈ கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வாடிக்கையாளர் கோப்புறையிலும் 'அட்டை', 'உள்பக்கம்' என்று ஒரே பெயர்கள் இருந்ததால், ஒன்றின் மேல் ஒன்றை எழுதலாமா என்று நிரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொன்னேன். மிஞ்சியது ஒரே ஓர் அட்டை. சுருக்கிய மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் வேலை தப்பியது.

இனி, உங்களுக்கு வந்த பிழைச் செய்தி. அதன் வாசகத்தை நீங்கள் எழுதவில்லை. பெயர் மிக நீளம் என்ற பொருளில் அது இருந்திருந்தால், காரணம் தமிழ்ப் பெயர்கள்தான். விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியீடுகள் வரை போகலாம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படும். லினக்ஸிலோ எல்லை 255 பைட், எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். 'திருமண அழைப்பிதழ்' என்பதையே பாருங்கள். கண்ணுக்கு 10 எழுத்து. கொம்பு, புள்ளி, கால்களைத் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு 16 குறியீடு. இடைவெளியையும் சேர்த்தால் 49 பைட். மணமகன், மணமகள், மண்டபம், தேதி, 'இறுதித் திருத்தம்' என்று பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதும் நம் அச்சக வழக்கத்தில் 255 பைட் சீக்கிரமே தீர்ந்துவிடும். இதை வைனாலும் மாற்ற முடியாது, ஏனென்றால் கோப்பு கடைசியில் எழுதப்படுவது லினக்ஸ் வட்டில்தான்.

வைன் உண்மையிலேயே கைகொடுப்பது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. ரார் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதை வைனில் ஓடும் வின்ராரில் திறந்து, கோப்புகளை விரிக்காமலேயே, அந்தச் சாளரத்துக்குள் நீளமான பெயர்களைக் குட்டையாக மாற்றிவிடுங்கள். பிறகு அன்ரார் தடையின்றி விரித்துவிடும். ராராகவே சுருக்கித் தரும்படி கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால், ராரை வெளியிடுபவர்களே லினக்ஸுக்கான கட்டளைவழி நிரலையும் தருகிறார்கள். 40 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு உரிமம் வாங்க வேண்டும்.

நெடுநாள் காப்புக்கு நான் பரிந்துரைப்பது இகோர் பாவ்லோவ் எழுதிய செவன்-ஜிப். 1999 முதல் இருக்கும் திறந்த மென்பொருள் அது. 2021-இல் தொடங்கி அவரே லினக்ஸுக்கும் பதிப்பு தருகிறார். மாற்றும்போது ஓர் ஆண்டின் வேலை முழுவதையும் ஒரே பெரிய கோப்பாக்காமல், வேலைக்கு ஒன்றாகச் சுருக்குங்கள். பல கோப்புகளை ஒரே தொடராகச் சுருக்கும் முறையில், நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னால் உள்ளவையும் போய்விடக்கூடும். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்கினால் இடம் பெரிதாக மிச்சமாகாது. புதிய கோப்பைச் சோதனைக் கட்டளையால் சரிபார்த்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிட்ட பிறகே பழைய ராரில் கை வையுங்கள். முடிந்தால் இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி, அதை வேறொரு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: பள்ளி மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. பிறர் அனுப்பும் ஜிப் கோப்பை விரித்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாக வருகின்றன. மீட்க முடியுமா?
— ஓர் ஆசிரியை, தாம்பரம்

பதில்: அது எந்த விதக் குப்பை என்பதைப் பொறுத்தது. ஜிப் 1989-இல் ஃபில் காட்ஸ் உருவாக்கியது. அதில் பெயர்களுக்கு உரிய பழைய எழுத்துத் தொகுதியில் தமிழ் இல்லை. யூனிகோடு பெயர் என்று அடையாளமிடும் முறை 2006-இல்தான் விதிகளில் சேர்ந்தது. பெயரில் கிரேக்க ஆல்பாவும் இரட்டைக் கோண மேற்கோள் குறியும் மாறி மாறி வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள்: தமிழ் பைட்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, அடையாளம் மட்டும் விடுபட்டிருக்கிறது. 'அன்ஆர்' என்ற நிரல் பெயர்களின் குறியாக்கத்தைத் தானே ஊகிக்கும், தவறினால் யூ.டி.எஃப்-8 என்று நாம் சொல்லலாம். பாஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது என்பதால், டெபியனுக்கு உரிய நிறுவும் முறையே அதற்கும் பொருந்தும்.

வெறும் கேள்விக்குறிகளாகவோ அடிக்கோடுகளாகவோ வந்தால், அனுப்பியவரின் கணினியில் சுருக்கும்போதே பெயர் அழிந்துவிட்டிருக்கலாம். ரஷ்ய, ஜப்பானியப் பெயர்களுக்கு விண்டோஸில் தனிப் பழைய குறியீட்டுத் தொகுதிகள் இருந்ததால் அவர்களால் பலமுறை மீட்க முடிகிறது. கோப்புப் பெயர்களுக்குப் பயன்படும் அப்படி ஒரு தொகுதி தமிழுக்கு விண்டோஸில் இருந்ததே இல்லை. இப்போதைய செவன்-ஜிப்பில் மறுபடி சுருக்கி அனுப்பச் சொல்வதே வழி.

கேள்வி: பழைய மேக் கணினியிலிருந்து ஜிப்பாக வந்த கோப்புகளில் 'கோயில்' என்று லினக்ஸில் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை; கண்ணெதிரே பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஏன்?
— ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: மேக்கின் பழைய கோப்பமைப்பு 'ஓ'காரக் குறியை இரட்டைக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரித்துச் சேமித்தது. நம் விசைப்பலகையோ அதை ஒரே குறியீடாகத் தருகிறது. பார்வைக்கு ஒன்று, பைட்களில் வேறு. லினக்ஸில் 'கான்வ்மூவ்' என்ற நிரலிடம், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றும்படி கேளுங்கள். அது முதலில் எந்தப் பெயர் எதுவாக மாறும் என்ற பட்டியலை மட்டும் காட்டி நின்றுவிடும். அதை முழுவதும் படித்துப் பார்த்த பிறகு 'நோடெஸ்ட்' என்பதைச் சேர்த்து மறுபடி இயக்கினால் பெயர்கள் மாறும்.