விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓட மறுக்கிறது. கோப்பை மாற்றித் தரச் சிறிய இலவசக் கருவி ஏதாவது உண்டா?

உண்டு, டாஸ்2யுனிக்ஸ் என்று பெயர். டாஸ், எண் 2, யுனிக்ஸ் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பதில் இவ்வளவுதான். ஆனால் ‘இதற்கெல்லாம் தனியாக ஒரு கருவியா’ என்று நான் ஒருமுறை இதே வேலையை என் சொந்தக் கட்டளையால் செய்யப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நீங்கள் சொன்னது இது: விண்டோஸ் கணினியில் எழுதிய பேஷ் ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வரில் ஏற்றி ஓட்டினால் ‘அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை’ என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் கொடுத்தாயிற்று, எடிட்டரில் ஒரு எழுத்துகூடப் பிசகாகத் தெரியவில்லை.

‘இல்லை’ என்று லினக்ஸ் சொல்வது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, அதை ஓட்டும் நிரலான பேஷை. முதல் வரியில் பேஷ் இருக்கும் இடத்தை எழுதியிருப்பீர்கள். அந்த வரியின் கடைசியில் 13 என்ற எண் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று வாலாக ஒட்டியிருக்கிறது. லினக்ஸைப் பொறுத்தவரை 10 என்ற குறி வந்தால்தான் வரி முடிந்தது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் வரியின் பகுதி. அதனால் வால் முளைத்த ஒரு பேஷைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று எங்கும் இல்லையே என்று கைவிரிக்கிறது. பிழைச் செய்தியில் பேஷ் என்ற சொல்லை ஒட்டிக் கூரை மாதிரி ஒரு குறியும் எம் எழுத்தும் தெரிந்தால் அதுதான் அந்த வால். கேட் கட்டளைக்குப் பெரிய ஏ ஆப்ஷன் கொடுத்துக் கோப்பைப் பாருங்கள், ஒவ்வொரு வரியிலும் வரிசையாகத் தொங்கும்.

இந்த 13-உம் 10-உம், அனுப்பிய எழுத்தைத் தாளில் அடித்த டெலிடைப் இயந்திரக் காலத்து ஆட்கள். 13 வந்தால் அச்சுத் தலை இடது ஓரத்துக்குத் திரும்பும். 10 வந்தால் தாள் ஒரு வரி மேலே நகரும். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். தலை வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு ஓடிச் சேர ஒரு எழுத்து நேரம் போதாது. அதனால் 13-ஐ முதலில் அனுப்பிவிட்டால், தாள் நகரும் சந்தில் தலையும் போய்ச் சேர்ந்துவிடும். கோப்பில் 10 மட்டும் இருந்தால் போதும், மற்றதை அச்சுக் கருவியை இயக்கும் டிரைவர் நிரல் பார்த்துக்கொள்ளட்டும் என்று மல்டிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் முடிவெடுத்தது, லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் அதன் வழியில் போனது. சிபி/எம் என்ற இன்னொரு பழைய இயங்குதளம் இரண்டையும் வைத்துக்கொண்டது. எம்எஸ்-டாஸும் அதற்கப்புறம் விண்டோஸும் அதன் வாரிசுகள். பழைய மேக் மட்டும் தனி வழியாக வெறும் 13-ஐ வைத்திருந்தது, 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது 10-க்கு மாறிக்கொண்டது. நோட்பேட் வெறும் 10 உள்ள கோப்பை வரி வரியாகக் காட்டக் கற்றுக்கொண்டதே 2018-இல்தான்!

இனி என் கதை. ஒரு வலைத்தளத்தின் ஃபோல்டர் முழுக்க விண்டோஸ் வரிமுடிவு. உரையைத் தேடி மாற்றும் செட் (எஸ், ஈ, டி) கட்டளையில் ‘வரிக்கடைசியில் உள்ள 13-ஐ நீக்கு’ என்று எழுதி, கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளையோடு கோர்த்து, கண்ணில் பட்ட எல்லாக் கோப்புகள் மேலும் ஓட்டிவிட்டேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை. ஸ்கிரிப்டுகள் ஓடின, எனக்கும் பெருமை. அப்புறம் உலாவியில் தளத்தைத் திறந்தால் ஒரு படம்கூட வரவில்லை.

பிஎன்ஜி படத்தின் முதல் 8 பைட்களுக்குள் 13-உம் 10-உம் அடுத்தடுத்து இருக்கும், பிறகு 26, பிறகு தனியாக ஒரு 10. தற்செயலாக அமைந்ததல்ல அது. யாராவது படத்தை உரை என்று நினைத்து வரிமுடிவை மாற்றித் தொலைத்தால் உடனே தெரிய வேண்டும் என்று அந்த வடிவத்தை உருவாக்கியவர்களே வைத்த பொறி. நான் நேராகப் போய் அதில் கால் வைத்தேன். சரி, கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட் இருக்கிறதே, பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று பார்த்தால், கிட் தன் வரலாற்றை வைத்திருக்கும் மறைவு ஃபோல்டரும் அதே ஃபோல்டருக்குள்தானே இருக்கிறது! ஃபைண்ட் அதையும் விட்டுவைக்கவில்லை. சுருக்கி வைத்த பைனரிக் கோப்புகளில், அதாவது உரை அல்லாத கோப்புகளில், 13-10 ஜோடி எங்காவது தற்செயலாக அமைந்திருக்கும். அதில் ஒரு பைட் குறைந்தாலே மொத்தமும் பழுது. திரும்ப 13-ஐச் சேர்க்கலாமே என்றால், எந்த 10-க்கு முன்னால் அது இருந்தது, எதற்கு முன்னால் இல்லை என்று யாருக்குத் தெரியும்? சக ஊழியர் ஒருவரின் கணினியில் இருந்த நகல்தான் மானத்தைக் காப்பாற்றியது.

இதையெல்லாம் பட்டபிறகுதான் டாஸ்2யுனிக்ஸ் எதைச் செய்ய மறுக்கிறது என்று கவனித்தேன். கோப்பைப் படித்துக்கொண்டே போகும்போது உரையில் வரக்கூடாத கட்டுப்பாட்டுக் குறி ஏதாவது தட்டுப்பட்டால், இது பைனரி என்று ஒரு வரி சொல்லிவிட்டு, தொடாமல் அடுத்த கோப்புக்கு நகர்ந்துவிடும். பிஎன்ஜி என்றால் அந்த 26 ஒன்றே போதும். வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்குகளையும் நாம் சொன்னாலொழியத் தொடாது. ஒரே கோப்பின் மேல் இரண்டு முறை ஓட்டினாலும் கெடுதல் இல்லை. எதிர்த்திசைக்கு யுனிக்ஸ்2டாஸ் இருக்கிறது. அதையும் இரண்டு முறை ஓட்டினால் 13 இரட்டிப்பாகாது. சில சமயம் இந்த எச்சரிக்கை உணர்வு அளவுக்கு மீறிப்போகும். வண்ணக் குறிகள் கலந்த லாக் கோப்பைக்கூட பைனரி என்று தள்ளிவிடும், ஏனென்றால் வண்ணக் குறி 27-இல் தொடங்குகிறது. அப்போது எஃப் ஆப்ஷன் கொடுத்துக் கட்டாயப்படுத்தலாம். அந்த ஒரு கோப்புக்கு மட்டும், தயவுசெய்து.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. பழைய கோப்பின் பெயரையும் புதிய கோப்பின் பெயரையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் ஒன்றைப் படித்து மற்றொன்றில் எழுதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சன்ஓஎஸ் என்ற பழைய யுனிக்ஸ் வகையில் இருந்த இதே பெயர்க் கட்டளை அப்படித்தான் நடந்துகொண்டது. இது அப்படியில்லை, கொடுத்த பெயர் ஒவ்வொன்றையும் அதே இடத்தில் மாற்றி எழுதிவிடும். மூலத்தை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ஆங்கிலச் சிறிய எழுத்தான ‘என்’ ஆப்ஷன் போட வேண்டும்.

வெறும் 13-ஐ நீக்கத்தானே, குறிப்பிட்ட குறிகளை நீக்கித் தரும் டிஆர் கட்டளையே போதும் என்பார்கள். எழுத்துகளை யுடிஎஃப்-8 முறையில் பைட்களாக்கிய கோப்புக்குப் போதும், தமிழ் எழுத்து எதுவும் சேதமாகாது. யுடிஎஃப்-16 என்றால் கதை வேறு. அதில் ஒரு எழுத்துக்குக் குறைந்தது இரண்டு பைட். மலையாள எழுத்துகள் எல்லாவற்றிலும் அந்த இரண்டில் ஒன்று 13. டிஆர் போட்டால் மலையாள உரை முழுவதும் ஒரே அடியில் காலி. பஞ்சாபியை எழுதும் குர்முகிக்கும் குஜராத்திக்கும் அதே இடத்தில் 10 இருக்கிறது, அவற்றில் 10-ஐத் தேடும் கட்டளைகள் இதே கூத்தை நடத்தும். டாஸ்2யுனிக்ஸ் கோப்பின் தொடக்கத்தில் உள்ள, எழுத்து முறையைக் காட்டும் பிஓஎம் என்ற அடையாளத்தைப் பார்த்து யுடிஎஃப்-16 என்று புரிந்துகொண்டு, லினக்ஸில் அதைக் கணினியின் மொழி அமைப்பில் உள்ள எழுத்து முறைக்கு, பெரும்பாலும் யுடிஎஃப்-8-க்கு, மாற்றித் தந்துவிடும்.

நிறுவுவது எளிது. லினக்ஸ் வகைகளின் களஞ்சியங்களில் இருக்கிறது, மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவி வழியாக வரும், விண்டோஸில் கிட் நிறுவியிருந்தால் கிட் பேஷ் ஜன்னலில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். திறந்த மூல நிரல், பிஎஸ்டி பாணி உரிமம். 2009 முதல் எர்வின் வாட்டர்லான் என்பவர் பராமரித்து வருகிறார்.

கோப்பைச் சரிசெய்த கையோடு அந்த 13 எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் போட்டதாக இருக்காது. விண்டோஸில் கிட்டை நிறுவும்போது கேட்கும் கேள்விக்கெல்லாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனால், கோப்புகளை எடுத்துத் தரும்போது அதுவே வரிமுடிவை விண்டோஸ் முறைக்கு மாற்றித் தரும். அந்த ஃபோல்டரிலிருந்து நேராகச் சர்வரில் ஏற்றினால் இந்த வியாதிதான். கிட் படிக்கும் கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் (அதாவது அந்த 10) மட்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தால் அடுத்தமுறை வராது.

மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சிறிய எழுத்தான ‘ஐ’ ஆப்ஷனோடு டாஸ்2யுனிக்ஸை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அப்போது எதையும் மாற்றாமல் கணக்கு மட்டும் காட்டும். முதல் எண் விண்டோஸ் வரிமுடிவுகள், இரண்டாவது யுனிக்ஸ், மூன்றாவது பழைய மேக், நான்காவதாக பிஓஎம். முதல் எண் 0 என்று வந்தும் ஸ்கிரிப்ட் ஓடவில்லையா? நான்காவதைப் பாருங்கள். அங்கே யுடிஎஃப்-8 என்று இருந்தால், முதல் வரிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வால் இல்லை, தலையில் முளைத்த கொம்பு. அதையும் டாஸ்2யுனிக்ஸே எடுத்துவிடும்.