"நாங்க சொன்னதெல்லாம் எங்கே போச்சு?"

கேள்வி: சமூகப்பணியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குடும்ப வன்முறைக்குத் தப்பிக் காப்பகத்தில் தங்கியிருக்கும் பெண்களைப் பேட்டி காணப் போனேன். ஒருவர், "போன வருஷமும் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. நாங்க சொன்னதெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டார். பதில் தெரியாமல் திரும்பிவிட்டேன். ஆய்வையே விட்டுவிடலாமா?
- ஓர் ஆய்வு மாணவி

பதில்: அன்புத் தங்கைக்கு,

விட்டுவிடாதீர்கள். ஆனால் அதே கேள்வித்தாளோடு மறுபடி அங்கே போகவும் வேண்டாம்.

எளிதில் அணுக முடிகிறவர்களையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பேட்டி எடுக்கிறோம். காப்பகம் வரை வந்து சேர முடியாத பெண்ணை யாரும் கேட்பதில்லை. வந்து சேர்ந்தவளோ ஒரே துயரத்தை நாலு பேரிடம் சொல்லிக் களைத்துப்போகிறாள். இன்றைய சமூகப்பணி ஆய்வின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்றாகிவிடாது. 1939-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் சுமார் 500 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், பாட உதவி, கோடை முகாம் எனப் பல ஆண்டுகள் உதவினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் சில விஷயங்களில் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் அந்த உதவியை நல்லதாகவே நினைவுகூர்ந்தார்கள். தேடிப் பார்த்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் போன வருட ஆய்வைத் தேடிப் படியுங்கள். அதில் பதில் இருந்தால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். அப்புறம், எதை ஆராய வேண்டும் என்று அந்தப் பெண்களிடமே கேளுங்கள். அனுபவித்தவர்களையே உடன் ஆய்வாளர்களாகச் சேர்ப்பது இப்போது பரவிவருகிறது. ஆய்வாளர்கள் பலரும் தேடிப்போகும் தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் ஆய்வாளர்களுக்கென்று தாங்களே நெறிமுறை எழுதினார்கள். ஆனால் பெயருக்கு உட்காரவைத்துத் தலையாட்டச் சொல்வது கூட்டாய்வு ஆகாது. அவர்கள் தரும் நேரத்துக்கு ஊதியம் வேண்டும். கேள்வியை மாற்றும் உரிமையும் வேண்டும். இதற்குக் கூடுதல் மாதங்கள் பிடிக்கும், நெறியாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. ஒலிப்பதிவை எழுத்தாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் அந்தக் குரல்களை ஏற்றாதீர்கள். ஒரு தெருப்பெயர் வெளியே போனாலே யாரிடமிருந்து தப்பி வந்தாளோ அவன் வந்து நிற்கலாம். நீங்களே கேட்டு எழுதுங்கள். எங்கே குரல் உடைந்தது, எங்கே பேச்சு நின்றது என்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழும்.

சட்டம் மாறும், உதவித்தொகை வரும் என்றெல்லாம் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு பக்கச் சுருக்கத்தை அவர்களிடம் வாசித்துக் காட்டி, வேண்டாம் என்பதை நீக்குவதாகச் சொல்லுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த முறை ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் போங்கள். போன வருடம் சொன்னது எங்கே போனது என்று கண்டுபிடித்து, கேட்டவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.