கேள்வி-பதில்: 20 மில்லிமீட்டரில் சரி, 200 மில்லிமீட்டரில் தப்பு

கேள்வி: ஐயா, வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்கிக் கொடுக்கிறேன். 3018 வகை சின்ன சிஎன்சி மெஷின் (கணினி சொல்படி செதுக்குவது), நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார், அது சுற்றும் டி8 ஸ்க்ரூ, மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் உள்ள போர்டு. 20 மி.மீ. சதுரம் வெட்டினால் 19.8தான் வந்தது. கணக்குப் போட்டு, எக்ஸ், ஒய் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் $100, $101 இரண்டையும் 800-லிருந்து 808.08 ஆக்கினேன், சதுரம் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது 200 மி.மீ. பலகை 201.8 வருகிறது. பண்ணுருட்டி பலாப் பலகை ஒன்று வீணாகிவிட்டது. எந்த எண்ணைப் போடுவது?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் 800-க்கே திரும்பிப் போங்கள். அந்த எண் மேல் தப்பே இல்லை. மோட்டார் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்புகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 ஆகப் பிரித்தால் 3200. ஸ்க்ரூ ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்தினால் ஒரு மில்லிமீட்டருக்கு 800. (டி8 ஸ்க்ரூ 2, 4, 8 மி.மீ. என்று பல விதமாகக் கிடைக்கிறது, உங்களுடையதை ஒரு சுற்று கையால் சுற்றி அளந்து பாருங்கள்.)

எண் தப்பாக இருந்தால், தூரம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடும். 20-க்கு 0.2 குறைந்தால் 200-க்கு 2 மி.மீ. குறைய வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை. 201.8 என்ற அளவைத் திருப்பிக் கணக்கிட்டால், பழைய 800-ல் அந்தப் பலகை 199.8 வந்திருக்கும். தூரம் எவ்வளவானாலும் அதே 0.2 குறைகிறது என்றால் அது அநேகமாக பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவுக்கும் பித்தளை நட்டுக்கும் நடுவே இருக்கும் ஆட்டம். திசை மாறும் ஒவ்வொரு முறையும் மோட்டார் முதலில் அந்த இடைவெளியைத்தான் கடக்கிறது.

வெட்டும் பிட் சொன்ன அளவைவிடத் தடிமனாக இருந்தாலும், அதைச் சுற்றும் ஸ்பிண்டிலில் ஆடிக்கொண்டு சுற்றினாலும் இதே 0.2 குறையும். பிரித்துப் பார்க்க எனக்குப் பிடித்த வழி, ஒரு சதுரத்தை வெளியே சுற்றி வெட்டுங்கள், அதே அளவில் ஒரு குழியும் வெட்டுங்கள். கட்டையும் குழியும் இரண்டுமே சின்னதாக வந்தால் பேக்லாஷ். கட்டை சின்னது, குழி பெரியது என்றால் பிட். இதற்குப் பலா வேண்டாம், ஈரத்துக்குத் தகுந்தபடி மரம் அளவு மாறும். அக்ரிலிக் துண்டு போதும்.

பேக்லாஷ் என்றால் ஸ்பிரிங் வைத்த இரட்டை நட் போடுங்கள், இருந்தால் சரியாக அழுத்துகிறதா பாருங்கள். ஜிஆர்பிஎல்லில் பேக்லாஷை ஈடுகட்டும் வசதி இல்லை, கையால்தான் சரிசெய்ய வேண்டும். அப்புறம், மோட்டார் தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கை இறுக்கிப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ. ஆலன் கீயால் இறுக்கிவிட்டு, மோட்டார் தண்டும் கப்ளிங்கும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நாலு நாள் கழித்துக் கோடு விலகியிருந்தால் வழுக்குகிறது. நம் பக்கத்து உப்புக்காற்றில் இந்தச் சின்ன ஸ்க்ரூதான் முதலில் துருப்பிடிக்கும், மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் முடித்த பிறகுதான் எண்ணைச் சோதிக்க வேண்டும், அதுவும் எதையும் வெட்டாமல். 300 மி.மீ. இரும்பு ஸ்கேலை ஆக்சிஸுக்கு இணையாக ஒட்டி, ஸ்பிண்டிலில் கூர்முனை பிட் மாட்டுங்கள். ஒரே திசையில் 10 மி.மீ. நகர்த்தி ஆட்டத்தை எடுத்துவிட்டு, முனை ஒரு கோட்டின் மேல் நிற்கும்போது அதை சைபராக்கி, அதே திசையில் 200 மி.மீ. மெதுவாக அனுப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். 199.6-ல் நின்றால் 800 பெருக்கல் 200 வகுத்தல் 199.6, அதாவது 801.6. நீளமாக அளக்கச் சொல்வது ஏன் என்றால், பார்வையில் 0.1 மி.மீ. பிசகினால் 20-ல் அது அரை சதவீதம், 200-ல் 0.05 சதவீதம்தான்.

மெதுவாகப் போனால் சரி, வேகமாகப் போனால் தப்பு என்றால் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடுகிறது. $110 வரிசை (அதிகபட்ச வேகம்), $120 வரிசை (வேகம் கூடும் விகிதம்) இரண்டையும் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ போர்டின் மேல், டிரைவர்களைச் செருகும் சிஎன்சி ஷீல்டு போட்டிருக்கிறேன். ஏ4988 டிரைவர் எரிந்துபோய் டிஆர்வி8825 மாற்றினேன். 100 சொன்னால் சரியாக 50 தான் போகிறது. மோட்டார் போய்விட்டதா?
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மோட்டாருக்கு ஒன்றுமில்லை. டிரைவருக்கு அடியில் ஷீல்டில் செருகும் மூன்று ஜம்பரும் (எம்0, எம்1, எம்2) போட்டிருந்தால் ஏ4988 ஒரு ஸ்டெப்பை 16 ஆகப் பிரிக்கும், டிஆர்வி8825 32 ஆகப் பிரிக்கும். எம்2 ஜம்பரை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள், பழையபடி 16 ஆகிவிடும். மோட்டாருக்குப் போகும் கரண்ட் அளவையும் புதிதாக வையுங்கள், கணக்கு இரண்டு டிரைவருக்கும் வேறு. அடுத்த முறை மாற்றும்போதும் எனேபிள் (EN) என்று எழுதிய பின்னைப் பார்த்துச் செருகுங்கள், கரண்டைத் திருகி வைக்கும் சின்னக் குமிழ் டிஆர்வி8825-ல் எதிர்ப்பக்கம் இருக்கிறது. குமிழை அடையாளமாக நம்பித் திருப்பிப் போட்டால் டிரைவர் அந்த நொடியே போய்விடும்.