கையேட்டை வாங்கும் முன் ஒரு கோப்பைப் பின்தொடருங்கள்

கேள்வி: குழந்தைகள், பதின்பருவத்தினர் மனநலத்துக்கான ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தை நடத்தி வருகிறேன். ஆலோசகர்கள் உட்பட 14 பேர் பணிபுரிகிறார்கள். ஓராண்டுக்குள் தர அங்கீகாரம் பெற்றுவிட வேண்டும் என்று எங்கள் நிர்வாகக் குழு முடிவெடுத்திருக்கிறது. கொள்கைக் கையேடு முழுவதையும் எழுதித் தருவதாக ஒரு ஆலோசனை நிறுவனம் முன்வந்துள்ளது. வாங்கிவிடலாமா? முதலில் எதில் கை வைப்பது?

பதில்: கையேட்டை வாங்கலாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். மதிப்பீட்டாளர்கள் உங்கள் அலுவலகத்துக்கு வரும் நாளில் அந்தக் கையேட்டைப் புரட்டும் நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரு குழந்தையின் கோப்பை எடுத்துக்கொண்டு, அந்தக் குழந்தை உங்களிடம் வந்த நாள் முதல் அதன் தடத்தைப் பின்தொடர்ந்து, வழியில் பெயர் வரும் ஒவ்வொரு பணியாளரிடமும் அவர்கள் பேசுவார்கள். மருத்துவமனைகளுக்கும் பிற சுகாதார நிறுவனங்களுக்கும் அங்கீகாரம் தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004இல் இந்தத் தடம்தொடரும் முறையைத் தன் மதிப்பீட்டின் மையமாக்கியது. வேறு அமைப்பிடம் விண்ணப்பித்தாலும் கோப்பு ஆய்வுக்கும் நேர்காணலுக்கும் நீங்கள் ஆயத்தமாகத்தான் வேண்டும். ஆகவே அவர்கள் செய்யப்போவதை நீங்களே முதலில் செய்து பார்ப்பதுதான் சரியான தொடக்கம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உரிமம் வேறு, தர அங்கீகாரம் வேறு. உரிமம் அரசு தருவது. அது இல்லாமல் கதவைத் திறக்கவே முடியாது. ஆலோசகரின் தொழில்முறைப் பதிவு தனிநபரின் தகுதியை மட்டும் காட்டும். தர அங்கீகாரமோ, வெளியிலிருந்து வரும் ஓர் அமைப்பு முன்கூட்டியே வெளியிட்ட தரநிலைகளை வைத்து உங்கள் நிறுவனம் முழுவதையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து பார்ப்பது. முதல் இரண்டில் குறை இருந்தால் மூன்றாவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

இனி கோப்புக்கு வருவோம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதாகப் பள்ளி அனுப்பிவைத்த 13 வயதுச் சிறுமியின் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் கடிதம் வந்த தேதி என்ன, முதல் சந்திப்பு நடந்த தேதி என்ன, இடைப்பட்ட நாட்களில் அவள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தபோது ஆபத்து கூடுகிறதா என்று யாராவது தொலைபேசியில் விசாரித்தார்களா? பெற்றோர் இல்லாமல் அவளிடம் தனியே பேசிய குறிப்பு இருக்கிறதா? பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தோடு அவளுடைய இசைவும் கேட்கப்பட்டதா? அவள் சொல்வதில் எதை இரகசியமாக வைத்திருக்க முடியும், எதை வைத்திருக்க முடியாது என்பது அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டதா? சிகிச்சை இலக்குகள் அவளுடைய வார்த்தைகளில் இருக்கின்றனவா, அல்லது எல்லாக் கோப்புகளிலும் ஒரே வாசகம் இருக்கிறதா? (ஐந்து கோப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள், பல இடங்களில் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும்.)

பிறகு பாதுகாப்புத் திட்டம். நான் மதிப்பீட்டுக்குச் சென்ற ஒரு நிறுவனத்தில் அது மிக நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தது. எச்சரிக்கை அறிகுறிகள், வீட்டில் அப்புறப்படுத்த வேண்டிய பொருள்கள், அழைக்க வேண்டிய ஆட்கள், எதுவும் விடுபடவில்லை. அதன் ஒரே பிரதி ஆலோசகரின் பூட்டிய அலமாரியில் இருந்தது. தாயிடமும் இல்லை, பிள்ளையிடமும் இல்லை. மாலை ஆறு மணிக்குமேல் அந்தப் பிள்ளை தொலைபேசியில் அழைத்தால் என்ன செய்வீர்கள் என்று வரவேற்பறைப் பணியாளரிடம் கேட்டேன். "காலையில் கூப்பிடச் சொல்வேன்" என்றார். அந்த நிறுவனத்தின் கையேட்டில் நெருக்கடி அழைப்புகளுக்கென்று நான்கு பக்கங்கள் இருந்தன.

மருத்துவத் தரத்தை ஆராய்ந்த ஆவெடிஸ் டொனபேடியன் 1966இல், மருத்துவச் சேவையின் தரத்தைக் கட்டமைப்பு (ஆட்கள், இடம், விதிகள்), செயல்முறை (உண்மையில் செய்யப்படுவது), விளைவு (சேவை பெறுபவருக்குக் கிடைக்கும் பலன்) என்ற மூன்று கோணங்களில் அளக்கலாம் என்று எழுதினார். கையேடு கட்டமைப்பில் ஒரு சிறு பகுதி மட்டுமே. விலை கொடுத்து வாங்க முடிவதும் அந்தப் பகுதி மட்டும்தான். அதை வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மதிப்பீட்டாளர் தரநிலையை வைத்து மட்டும் உங்களை அளப்பதில்லை, நீங்களே எழுதி வைத்ததை வைத்தும் அளக்கிறார். எழுதித் தருபவர் தாராள மனத்தோடு "ஆலோசகர் ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் மேற்பார்வை" என்று போட்டிருப்பார்; உங்களால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் முடியும். தரநிலை கேட்டதைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றாத குற்றம் உங்கள்மேல் விழும்.

கோப்பைப் பார்த்து முடித்ததும் எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் சரிசெய்யக் கிளம்ப வேண்டாம். பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் நடத்தும் அங்கீகாரத் திட்டங்கள் தரநிலைகளை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. பாதுகாப்பு, உரிமை, கண்ணியம், சட்டம் ஆகியவற்றைத் தொடுபவை முதல் வகை. அவற்றில் 100 சதவீதம் தேறியாக வேண்டும். இரண்டாம் வகையில் 80, மூன்றாம் வகையில் 60 சதவீதம் போதும். நீங்கள் விண்ணப்பிக்கப்போவது வேறு அமைப்பாக இருந்தாலும் இந்த வரிசையை அப்படியே கடன் வாங்கிக்கொள்ளுங்கள். பணியாளர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, துன்புறுத்தல் சந்தேகம் எழுந்தால் தெரிவிக்கும் நடைமுறை, தற்கொலை ஆபத்து மதிப்பீடு, கோப்புகளின் இரகசியம் ஆகியவை முதலில். காத்திருப்பறையின் நாற்காலிகள் கடைசியில்.

தரநிலைகளை ஒவ்வொன்றாக வைத்து நீங்களே செய்யும் முதல் சுயமதிப்பீட்டில் பாதிக்குமேல் "இல்லை" என்று வந்தால் நிர்வாகக் குழு கலங்கும். 1918இல் அறுவை மருத்துவர்களின் தொழில்முறைச் சங்கமான அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஒரு பக்கத்துக்குள் அடங்கிய குறைந்தபட்சத் தரநிலையோடு 692 மருத்துவமனைகளை ஆய்வு செய்தபோது 89தான் தேறின என்பதை அவர்களிடம் சொல்லலாம்.

விளைவை அளப்பதில் சிறிய நிறுவனங்கள் தேவையில்லாமல் அஞ்சுகின்றன. குழந்தைகளின் உணர்வு, நடத்தைச் சிக்கல்களை அளக்க மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட வலிமைகள், இடர்ப்பாடுகள் வினாப்பட்டியலில் 25 கூற்றுகளே உள்ளன. பெற்றோர், ஆசிரியர், 11 வயது நிரம்பிய பிள்ளைகள் என மூவருக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு. சேரும்போது ஒருமுறை, சில மாதங்கள் கழித்து ஒருமுறை நிரப்பச் சொல்வது கடினமன்று. நிரப்பிய தாள் மேற்பார்வைக் கூட்டத்தில் பேசப்படாமல் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடுவதைத்தான் மதிப்பீட்டாளர் கண்டுபிடிப்பார். இடர்ப்பாட்டு மதிப்பெண் குறையாத குழந்தைக்குச் சிகிச்சைத் திட்டம் மாற்றப்பட்டதற்கு ஒரே ஒரு சான்று காட்டினாலும், வண்ண வரைபடங்கள் நிறைந்த ஆண்டறிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பது குழந்தையின் குரலுக்கும் பொருந்தும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை தருகிறது. சிகிச்சைக்காகத் தங்கவைக்கப்பட்ட குழந்தையின் நிலையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது 25ஆவது பிரிவு. பல தரநிலைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஓரிடத்தில் குழந்தைகளுக்கான புகார்ப் பெட்டியை என் தோளுயரத்தில் மாட்டியிருந்தார்கள். எத்தனை புகார் வந்தது என்று கேட்டேன். ஒன்றுகூட வரவில்லை என்று பெருமையோடு சொன்னார்கள்.

அடுத்து காலக்கணக்கு. மறுவாழ்வு, மனநலச் சேவைகளுக்கு அங்கீகாரம் தரும், 1966இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பான கார்ஃப், தன் தரநிலைகளை நிறுவனம் குறைந்தது 6 மாதமாவது நடைமுறையில் பின்பற்றியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. முழு அங்கீகாரம் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். குழந்தை, குடும்பச் சேவை நிறுவனங்களுக்கென 1977இல் உருவான அமெரிக்க அங்கீகார அமைப்பான சிஓஏவின் சுழற்சி பொதுவாக 4 ஆண்டுகள். அங்கே விரிவான சுயஆய்வு முதலில் எழுதப்பட வேண்டும். உங்கள் ஓராண்டில் நடைமுறைக்கான 6 மாதத்தைக் கழித்தால், எழுதவும் பயிற்சி தரவும் எஞ்சுவது 6 மாதம். 14 பேர் அன்றாட வேலையோடு சேர்த்துச் செய்ய அது போதாது என்பது என் மதிப்பீடு. 18 மாதம் கேளுங்கள். அங்கீகாரம் தரும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அது தானே வெளிமதிப்பீட்டுக்கு உட்பட்டதா என்றும் பாருங்கள். 1985இல் தோன்றிய, சுகாதாரத் தரத்துக்கான பன்னாட்டு அமைப்பான இஸ்குவா, அங்கீகார அமைப்புகளையே மதிப்பிட்டுச் சான்றளிக்கும் பணியைத் தொடங்கிவைத்தது.

இவ்வளவும் செய்தால் குழந்தைகள் விரைவில் குணமடைவார்களா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டால் நேர்மையாகவே பதில் சொல்லுங்கள். வெளி மதிப்பீடுகளால் சேவையின் தரம் உயர்கிறதா என்று பார்த்த, மருத்துவ ஆராய்ச்சிகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பில் தகுதி பெற்றவை 2 ஆய்வுகள் மட்டுமே. உறுதியான முடிவுக்கு அவை போதவில்லை. சான்றிதழைவிட, அதற்கு ஆயத்தமாகும் மாதங்களில் உங்கள் கோப்புகளில் நீங்கள் கண்டுபிடிப்பவையே பயன் தரும் என்பது என் அனுபவம்.

அந்த ஆலோசனை நிறுவனத்திடம் நிதி, பணியாளர் விதிகள், தீப்பாதுகாப்பு, ஆவணக் காப்பு ஆகியவற்றுக்கான வரைவுகளை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். நெருக்கடி அழைப்புக்கான பக்கத்தை உங்கள் ஆலோசகர்களில் இருவரும் வரவேற்பறைப் பணியாளரும் உட்கார்ந்து எழுதட்டும். நான்கு பக்கம் வேண்டாம். தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவைக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.